எரிமலைச் சரிவில் ஓட எங்கே போவது? ஒவேர்ன், பாலி–லொம்பொக், ரியூனியன்: யாழ்ப்பாணத்து ஓட்டக்காரருக்கு ஓர் ஒப்பீடு

“பரிஸில் அண்ணா இருக்கிறார், ஒவேர்னுக்கு வா என்கிறார். கூட ஓடுகிற பெடியள் பாலி என்கிறார்கள். எனக்கு ஆசை ரியூனியனில்தான். எதற்குக் காசைச் செலவழிப்பது?” கொஞ்சக் காலமாக இந்தக் கேள்வி பல பேரின் வாயால் வந்துகொண்டிருக்கிறது. பண்ணைப் பாலத்திலும் வல்லை வெளியிலும் விடியப்புறம் ஓடுகிறவர்களில் சிலருக்குத் தார் றோட்டு அலுத்துவிட்டது. எரிமலைக் கருங்குழம்பு உறைந்த நிலத்தில் யாரோ ஓடுகிற வீடியோவைப் பார்த்தால் கால் துடிக்கத்தான் செய்யும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையின் உயரத்தையோ படத்தின் அழகையோ பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரே தொடராக எவ்வளவு இறங்கவேண்டும், நடுவழியில் கால் மறுத்தால் எப்படி வெளியே வருவது, இந்த இரண்டையும் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

## எதை வைத்து அளப்பது

இறக்கம். எங்கள் குடாநாடு சுண்ணக்கல் தட்டை. பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு மீற்றர் உயரத்தைத் தாண்டாது. இந்த வெயிலில் ஓடிப் பழகிய நெஞ்சு, ஏற்றத்தை ஓரளவு தாங்கிவிடும். சிக்கல் இறங்கும்போதுதான். ஒவ்வோர் எட்டிலும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தடுத்துப் பிடிக்கவேண்டும். தட்டை நிலத்தில் ஓடுகிறவரின் தசைக்கு அந்த வேலை பழக்கமேயில்லை. அதன் நோ அன்றைக்குத் தெரியாது. அடுத்த நாள் தொடங்கி மூன்றாம் நாளுக்குள் உச்சத்துக்கு வரும். பல நாள் பாதையில் போகிறவருக்கு இந்தத் தாமதம்தான் பொறி. முதல் நாள் பாடிக்கொண்டு இறங்குவார், மூன்றாம் நாள் கழிப்பறையில் குந்தி எழும்பவே சுவரைப் பிடிப்பார்.

வெளியேறும் வழி. பாதை நடுவில் றோட்டு இருக்கிறதா, ரயில் இருக்கிறதா, அல்லது ஹெலிகொப்ரர்தானா?

நிலம். எரிமலை நிலம் எல்லாம் ஒன்றல்ல. பாய்போல் வழவழப்பாக உறைந்த குழம்பில் ஓடலாம். கரடுமுரடாக உடைந்து உறைந்ததில் விழுந்தால் உள்ளங்கை கிழியும், சப்பாத்தின் அடியையும் அது தின்னும். மூன்றாவது வகை, வாயிலிருந்து வீசப்பட்டுக் குவிந்த எரிமலைக் கிறவலும் சாம்பலும்: ஏறும்போது கால் பின்னுக்கு வழுகும், இறங்கும்போது மெத்தை மாதிரி இருக்கும், சப்பாத்துக்குள் நிரம்பும். மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. மழைத் தண்ணீர் மேலே நிற்காமல் கீழே இறங்கிவிடும். ஆறில்லாத ஊரில் கிணற்றை நம்பி வாழ்கிற எங்களுக்கு இது புதிதல்ல, ஆனால் அங்கே வழியில் கிணறும் இல்லை. தண்ணீரைச் சுமந்துதான் ஓடவேண்டும்.

பருவமும் குளிரும். மூவாயிரம் மீற்றருக்கு மேலே விடியப்புறம் உறைநிலையை ஒட்டிய குளிர் இருக்கும். கனடாவிலிருந்து மாமி அனுப்பிய மாரிகாலச் சட்டை அதற்கு உதவாது. அதைப் போட்டு ஓடினால் பத்து நிமிடத்தில் உள்ளே வேர்த்து, நின்றவுடன் அந்த ஈரமே குளிரும்.

கடுதாசியும் உண்மைச் செலவும். ரிக்கெற் விலை முழுச் செலவில் ஒரு பங்குதான்.

## ஒவேர்ன், பிரான்ஸ்

நடுப் பிரான்சில், கிளெர்மோன் ஃபெரோன் நகரத்துக்கு மேற்கே, எண்பதளவு எரிமலைக் குன்றுகள் வடக்குத் தெற்காக ஒரே வரிசையில் நிற்கின்றன. 2018இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இடம். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றும் வெடிக்கவில்லை. எல்லாம் புல்லும் காடும் போர்த்துக் கிடக்கிறது. கன்னங்கரிய குழம்பையும் புகையையும் எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாந்துபோவார்.

ஆனால் முதல் தடவை போகிறவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. வரிசையில் உயர்ந்தது புய் டு டோம், 1,465 மீற்றர். செய்சாக் கணவாயிலிருந்து கோவேறு கழுதைப் பாதை என்று ஒரு பழைய வழி வளைந்து வளைந்து உச்சிக்குப் போகிறது. ஏற்றம் நானூறு மீற்றருக்குச் சற்றுக் குறைவு. 1648இல் விஞ்ஞானி பஸ்காலின் மைத்துனர் இதே மலையில் பாதரசக் குழாயோடு ஏறித்தான், உயரம் கூடக் காற்றழுத்தம் குறையும் என்று காட்டினார்.

எங்களுக்கு முக்கியமானது வேறொன்று. 2012 முதல் உச்சிக்குப் பற்சக்கர ரயில் ஓடுகிறது. ஓடி ஏறி, கால் சரியில்லையென்றால் ரயிலில் இறங்கலாம். அதையே திருப்பியும் போடலாம்: ரயிலில் ஏறி, இறக்கத்தை மட்டும் ஓடிப் பழகலாம். நெஞ்சைக் களைக்க விடாமல் தொடையை மட்டும் பழக்குகிற வசதி மற்ற இரண்டு இடங்களிலும் இல்லை. பக்கத்தில் பாரியூ என்ற குன்று, வட்டமான கிண்ணம்போல் வாயோடு இருக்கிறது. மண் அரியாமல் இருக்க மரப்படி போட்டிருக்கிறார்கள், படியை விட்டு விலகக்கூடாது. கொஞ்சம் தெற்கே சான்சி மலைத்தொகுதி, 1,886 மீற்றர் வரை. அங்கேயும் கம்பி வண்டி உண்டு.

மறைந்த செலவு வீசாவில் தொடங்குகிறது. உறவினர் வீட்டில் தங்குவதென்றால் அவர் தன் ஊர் மெறியில் (நகரசபையில்) தங்குமிட அத்தாட்சிப் பத்திரம் எடுத்து அனுப்பவேண்டும். அதற்கு அலைச்சலும் முத்திரைக் காசும் அவருக்கு. செங்கன் வீசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். அதில் மலை ஓட்டம் அடங்குமா என்று சிறிய எழுத்தை வாசியுங்கள். பரிஸிலிருந்து கிளெர்மோனுக்கு ரயிலில் மூன்றரை மணித்தியாலம். அதி வேக ரயில் அந்தப் பாதையில் இல்லை, எனவே ‘காலையில் போய்ப் பின்னேரம் வருவோம்’ என்று அண்ணா சொன்னால் நம்பாதீர்கள். இன்னொன்று, யாரும் எழுதாத செலவு: பரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் சாமான் வாங்கி, பெரியம்மா வீட்டில் ஒரு சாப்பாடு, மச்சாள் வீட்டில் ஒரு சாப்பாடு என்று விடுமுறையில் பாதி போய்விடும். மலைக்கு ஒதுக்கிய நாட்களை வீசா விண்ணப்பிக்க முதலே வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள்.

ஓடக்கூடிய காலம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை. மாரியில் மேலே பனி.

## பாலியும் லொம்பொக்கும், இந்தோனேசியா

இந்த இரண்டு தீவுகளையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்கிறார்கள். ஓட்டக்காரருக்கு இவை இரண்டு வேறு தெரிவுகள்.

பாலியின் பத்தூர் 1,717 மீற்றர். ஒரு பெரிய பழைய பள்ளத்துக்குள், ஏரிக்கரையில் எழும்பி நிற்கிற இளம் மலை. ஏரிப் பக்கமிருந்து ஏற்றம் அறுநூறு எழுநூறு மீற்றர். கீழ்ப்பகுதி காட்டுப் பாதை, மேற்பகுதி எரிமலைக் கிறவல். உச்சியில் சில இடங்களில் நிலத்திலிருந்து நீராவி வரும். வழிகாட்டிகள் அதில் முட்டை அவித்துத் தருவார்கள். கடைசியாக வெடித்தது 2000ஆம் ஆண்டில். 1960களில் ஓடிய குழம்பு மலையின் அடிவாரத்தில் கறுத்த வெளியாக இன்னமும் கிடக்கிறது. அதைச் சுற்றி ஓடுவதுதான், என் கண்ணுக்கு, உச்சியைவிட நல்ல ஓட்டம்.

சூரிய உதயத்துக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் ஏறுகிறார்கள். ஒற்றையடிப் பாதையில் நெற்றி விளக்குகளின் வரிசைக்குப் பின்னால் நின்று உங்கள் வேகம் என்னவென்று யாரிடம் காட்டுவது? உதயத்தை விட்டுவிட்டு, கூட்டம் இறங்கிய பிறகு ஏறுங்கள். வெயில் எங்களுக்குப் பழக்கம். உள்ளூர் வழிகாட்டிச் சங்கத்தினர் தனியே விடுவதில்லை. அந்தக் காசைக் கணக்கில் சேருங்கள், உங்களோடு ஓடக்கூடிய வழிகாட்டியை முன்கூட்டியே கேளுங்கள்.

மார்ச்சில் போகிறவர்கள் பாலி இந்துக்களின் மௌன நாளான நியெபியைப் பார்த்துக்கொள்ளவேண்டும். அன்று தீவு முழுக்க அடங்கிவிடும், விமான நிலையமும் ஒரு நாள் மூடப்படும். வாசலுக்கு வெளியே கால் வைக்கவே விடமாட்டார்கள்.

லொம்பொக்கின் ரின்ஜானி வேறு சங்கதி. 3,726 மீற்றர். 1257இல் பக்கத்து மலையான சமலாஸ் வெடித்துச் சரிந்த பெரும் பள்ளமும், அதற்குள் ஏரியும், படத்தில் பார்த்தால் கண் வெட்டமுடியாத அழகு. செம்பாலுன் பக்கத்தில் ஏறத்தாழ 1,150 மீற்றரில் தொடங்கி, பள்ளத்தின் விளிம்பில் ஓர் இரவு தங்கி, அடுத்த விடியப்புறம் உச்சிக்கு ஏறுவது வழக்கம். விளிம்பிலிருந்து உச்சிக்கு இன்னும் ஆயிரம் மீற்றருக்கு மேலே, பெரும்பாலும் தளர்ந்த சாம்பலும் கிறவலும். உச்சியிலிருந்து அடிவாரம் வரை 2,500 மீற்றருக்கு மேல் இறக்கம். கடல் மட்டத்திலேயே வாழ்கிற எங்களுக்கு அந்த உயரத்தில் தலையிடியும் சத்தியும் வந்தாலும் அதிசயமில்லை.

வெளியேறும் வழி என்று பார்த்தால் இதுதான் மூன்றிலும் மோசம். 2025 ஜூனில் விளிம்புக்கு மேலுள்ள பகுதியில் விழுந்த ஒரு பிரேசில் நாட்டுப் பெண்ணை மீட்புக் குழுவினர் நெருங்க நாட்கணக்கானது. உயிரோடு மீட்க முடியவில்லை. மூடுபனியிலும் செங்குத்துச் சரிவிலும் ஹெலிகொப்ரரை நம்ப முடியாது. 2018 நிலநடுக்கத்தில் பாதைகள் சரிந்து மலையே நெடுநாள் மூடிக் கிடந்தது. ஆண்டுதோறும் மழைக்காலத்தில், பொதுவாக ஜனவரி முதல் மார்ச் வரை, பூங்காவை மூடுவார்கள்.

முன்பதிவு, வழிகாட்டி, சுமைகாரர், கூடாரம் என்றுதான் அங்கே ஏற்பாடு. நடந்து ஏறுகிறவருக்குப் பொருந்தும் ஏற்பாடு அது. ஓட ஆசைப்பட்டு அதற்குக் காசு கட்டி, இருபது பேரின் வேகத்தில் நடக்கிறது என் கணக்கில் வீண்.

## ரியூனியன்

எங்கள் இந்து சமுத்திரத்திலேயே இருக்கிற பிரெஞ்சுத் தீவு. மலை ஓட்டக்காரர்களுக்கு இதன் பெயர் போட்டியால் தெரியும்: ஒவ்வொரு ஒக்ரோபரிலும் தெற்கிலிருந்து வடக்காகத் தீவைக் குறுக்கே கடக்கிற கிராண்ட் றெய்ட், 170 கிலோமீற்றரை ஒட்டிய தூரம், பத்தாயிரம் மீற்றர் ஏற்றம். அதே அளவு இறக்கமும் என்று சொல்லத் தேவையில்லை. அதை இன்றைக்கு மறந்துவிடுங்கள். போட்டி இல்லாமலேயே அங்கே ஓட நிறைய இருக்கிறது. அதிலும் இரண்டு முகம்.

முதல் முகம், உயிருள்ள எரிமலை. பித்தோன் டு லா ஃபுர்னேஸ், 2,632 மீற்றர், உலகில் அடிக்கடி வெடிக்கிறவற்றில் ஒன்று. ஆனால் 2,311 மீற்றரிலுள்ள பெல்கோம்ப் விளிம்பு வரை வாகனம் போகும். அங்கிருந்து பாறைச் சுவரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால், கண்ணுக்கெட்டிய தூரம் கறுத்த குழம்பு நிலம். மரமில்லை, நிழலில்லை, தண்ணீரில்லை. பாறையில் வெள்ளைப் பெயின்ற் அடையாளம் போட்டிருப்பார்கள். மூடுபனி வந்தால் அடுத்த வெள்ளைப் பொட்டைக் காணாமல் ஓர் அடியும் எடுத்துவைக்கக் கூடாது. 2007இல் இடிந்து ஆழமான டோலொமியூ வாயின் பார்வையிடம் வரை போய்வர ஒரு பாதி நாள். தொடர் இறக்கம் நீளமாக எங்கேயும் இல்லை, அதனால் எங்கள் தொடைக்கு ஏற்ற எரிமலை ஓட்டம் இது. ஒரு குறும்பு மட்டும்: காலையில் இறங்கிய அந்தப் படிகளைக் களைத்து வந்து கடைசியில் ஏறவேண்டும், அதற்கென்று ஒரு போத்தல் தண்ணீரைத் தொடாமல் வையுங்கள். வெடிப்பு அறிகுறி தெரிந்தால் படிவாசலைப் பூட்டிவிடுவார்கள். அதற்காகவே தீவுக்குப் போகிறவர் கையில் மாற்றுத் திட்டம் இருக்கவேண்டும்.

இரண்டாம் முகம், பழைய மலை. பித்தோன் தே நேஜ், 3,070 மீற்றர். அதைச் சுற்றி மஃபாத், சலாசி, சிலாவோஸ் என்று மூன்று பெரும் பள்ளத்தாக்குகள். சிலாவோஸ் பக்கத்தில் 1,400 மீற்றரளவில் தொடங்கினால் உச்சிக்கு 1,700 மீற்றர் வரை ஏற்றம், திரும்பி அவ்வளவும் இறக்கம், பெரும்பாலும் கல்லும் மரமும் பதித்த படி. படி இறக்கத்தில் உங்கள் எட்டின் நீளத்தை நீங்கள் தீர்மானிக்க முடியாது, படி தீர்மானிக்கும். முழங்கால் கேட்கிற விலை அதுதான்.

மஃபாத்துக்கு வாகன றோட்டே இல்லை. அங்கே வாழ்கிற சில நூறு பேருக்கும் சாமான் ஹெலிகொப்ரரில்தான் வருகிறது. உள்ளே போவது இறக்கம், வெளியே வருவது ஏற்றம். முதல் நாள் இறங்கி, இரண்டாம் மூன்றாம் நாள் தொடை நோவின் உச்சத்தில் வெளியே ஏறவேண்டியிருக்கும். முன்பு சொன்ன பொறி இங்கே பூட்டோடு காத்திருக்கிறது. பழகிய காலோடு போனால், நான் சொன்ன எல்லாவற்றிலும் சிறந்தது இந்தப் பள்ளத்தாக்குத்தான். மலைக் குடில்களில் இரவுக்குச் சோறும் பருப்பும் கறியும் கிடைக்கும். சிலாவோஸ் பருப்பு தீவிலேயே பெயர் பெற்றது. பாண் கட்டியை மென்றுகொண்டு மலையேறவேண்டியதில்லை என்பது எனக்குச் சின்ன விஷயமல்ல.

தமிழ்த் தொடர்பும் சிலரை இழுக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட தமிழரின் வழிவந்தோர் அங்கே பெருந்தொகையில் இருக்கிறார்கள். கோயில் உண்டு, காவடி உண்டு, தீமிதிப்பு உண்டு. தமிழில் கதைத்து வழி கேட்கலாம் என்று மட்டும் நினைக்கவேண்டாம், பேச்சுமொழி பிரெஞ்சும் கிரியோலும்.

மறைந்த செலவுகள் இங்கேதான் அதிகம். ரியூனியன் பிரான்சின் பகுதி என்றாலும் செங்கன் வலயத்துக்குள் இல்லை. அண்ணாவிடம் போக எடுத்த வீசா தானாக அங்கே செல்லாது, விண்ணப்பத்திலேயே ரியூனியனைக் குறிப்பிட்டுக் கேட்கவேண்டும். பரிஸ் வழியாகப் போவது காதைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. பரிஸிலிருந்து பதினொரு மணித்தியாலம் திரும்பவும் தெற்கே பறக்கவேண்டும். மொரிஷியஸ் வழி கிட்ட, அங்கிருந்து முக்கால் மணித்தியாலத்துப் பறப்பு. பாதை தொடங்குமிடங்கள் சிதறிக் கிடப்பதால் வாடகைக் கார் இல்லாமல் சரிவராது. குடில்களுக்கு முன்பதிவு வேண்டும். விலைகள் யூரோவில்.

பருவம் மே முதல் ஒக்ரோபர் வரை. மற்ற மாதங்கள் சூறாவளிக் காலம். 2007 பெப்ரவரியில் அந்தத் தீவின் கொமேர்சொன் பகுதியில் மூன்று நாளில் 3,900 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது, இன்னமும் உலகச் சாதனை. யாழ்ப்பாணத்தில் அவ்வளவு மழை பெய்ய ஏறத்தாழ மூன்று வருடம் எடுக்கும்.

## ஒரே பார்வையில்

| தெரிவு | உச்ச உயரம் | தொடர் இறக்கம் | நடுவில் நின்றுபோனால் | ஏற்ற காலம் |
|---|---|---|---|---|
| ஒவேர்ன், புய் டு டோம் | 1,465 மீ | 400 மீற்றருக்குள் | ரயில், றோட்டு | ஜூன்–செப்டெம்பர் |
| பத்தூர் | 1,717 மீ | 600–700 மீ | நடந்தே இறங்கலாம், கீழே ஊர் | ஏப்ரல்–ஒக்ரோபர் |
| ரின்ஜானி | 3,726 மீ | 2,500 மீற்றருக்கு மேல் | மீட்புக் குழு, நேரம் எடுக்கும் | மே–செப்டெம்பர் |
| ஃபுர்னேஸ் | 2,632 மீ | சிறிது | வந்த வழி திரும்பவேண்டும் | மே–ஒக்ரோபர் |
| தே நேஜ், மஃபாத் | 3,070 மீ | 1,700 மீ வரை | குடில், இல்லையேல் ஹெலிகொப்ரர் | மே–ஒக்ரோபர் |

நியூசிலாந்தில் சகோதரங்கள் உள்ளவர்கள் தொங்கரீரோ பற்றிக் கேட்கிறார்கள். ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடிகிற இருபது கிலோமீற்றரளவுப் பாதை, 1,886 மீற்றர் வரை ஏறும். நல்ல தெரிவு, ஆனால் அதற்காக மட்டும் அவ்வளவு தூரம் பறக்கச் சொல்லமாட்டேன்.

## யாருக்கு எது

மலையே காணாத காலோடு முதல் பயணம், பிரான்சில் உறவினர் உண்டு என்றால் ஒவேர்ன். யோசிக்கவே வேண்டாம்.

குடும்பத்தோடு விடுமுறை, அதற்குள் ஒரு காலை மட்டும் ஓட்டம் என்றால் பத்தூர். வீட்டாருக்குக் கோயிலும் ஏரியும் இருக்கிறது, உங்களுக்குக் கறுத்த வெளி இருக்கிறது.

வாழ்க்கையில் ஒரே ஒரு எரிமலைப் பயணம்தான் முடியும் என்கிறவர் காசு சேர்த்து ரியூனியனுக்குப் போகலாம், ஆனால் ஃபுர்னேஸை முதலிலும் மஃபாத்தைக் கடைசியிலும் வைத்து. மஃபாத்தை முதலில் ஓடினால் மிச்ச நாட்களைக் கட்டிலில் கழிப்பீர்கள். ரின்ஜானியை நடைப்பயணமாக நினைத்து, நேரமெடுத்துப் போகிறவருக்கு விடலாம்.

## போகுமுன் இங்கே செய்யவேண்டியது

சாம்பல் நிலத்துக்கு மணற்காட்டு மணல்மேடுகள் நல்ல பயிற்சி. மணல் புகாமல் கணுக்காலுறை கட்டிப் பழகலாம். ஆனால் அங்கே இறக்கம் போதாது. அதற்குத் தெற்கே போகத்தான் வேண்டும். கிட்டியது மிகிந்தலை, 1,840 படி. நீளமானது சிவனொளிபாதமலை, 2,243 மீற்றர், ஹற்றன் பக்கப் பாதையில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். இவையெல்லாம் மிகப் பழைய உருமாறிய பாறை, எரிமலை அல்ல. கன்னியா வெந்நீரூற்றைக் காட்டி ‘எங்களிடமும் எரிமலை இருக்கிறது’ என்பவர்கள் உண்டு. அந்தச் சூடு எரிமலையிலிருந்து வருவதல்ல. பாறை எதுவானாலும் தொடைக்கு இறக்கம் இறக்கம்தான்.

தசைக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. ஒரு தடவை நீண்ட இறக்கத்தில் நன்றாக நொந்து ஆறினால், அடுத்த சில கிழமைகளுக்கு அதே இறக்கம் அவ்வளவு நோகாது. ஆகவே சிவனொளிபாதமலையைப் பயணத்துக்கு இரண்டு மூன்று கிழமை முன்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தை நடந்து, இறக்கத்தை மட்டும் குறுகிய எட்டில் ஓடுங்கள். மலையின் பருவம் மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் வரை. அதன்பிறகு காற்றும் மழையும், விளக்கும் கடையும் இல்லை. ஜூலையில் ஒவேர்ன் போகிறவர் கடைசி நீண்ட இறக்கத்தை மிகிந்தலையில் பல சுற்றாகப் போடவேண்டியிருக்கும். உச்சி வெயிலுக்கு முன் முடியுங்கள், வழிபட வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஓடுங்கள், கோயில் எல்லைக்குள் சப்பாத்தைக் கழற்றுங்கள்.